ஓட்டுப் பதிவு செய்துவிட்டாயா, பாப்பா?

பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது, ஆனால் மாத்திரையைச் சாப்பிட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார், துணி நனைக்கும்போது கிடைக்கிறது. பெரியத்தை நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு அனுப்பியிருக்கிறாள். உனக்கென்று ஒரு பாட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ பேசி நாற்பத்தொரு நாள் ஆகிறது. வாட்ஸப்பில் நான் அனுப்புவதையெல்லாம் பார்த்துவிட்டாய் என்று நீலக் கோடு விழுகிறது, அதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன். லேபில் வேலை அதிகமாக இருக்கும். நான் அதைக் கேட்க எழுதவில்லை. ஓட்டுப் பதிவு செய்துவிட்டாயா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

குடியுரிமை வாங்கிக் கையை உயர்த்திச் சத்தியம் செய்த போட்டோவை அனுப்பினாயே, அதை அப்பா பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையனிடம்கூட என் மகள் என்று காட்டுகிறார். ஆனால் குடியுரிமை கிடைத்தால் மட்டும் போதாதாம், அலபாமாவில் தேர்தலுக்குப் பதினைந்து நாள் முன்னாலேயே பெயரைப் பதிந்திருக்க வேண்டுமாம், போகும்போது போட்டோ உள்ள அடையாள அட்டை வேண்டுமாம். நான் அங்கே வந்திருந்தபோது, கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்குப் போராடிய செல்மா ஊருக்குப் போனோமே, அப்போது உன்னோடு வந்த அந்தத் தம்பி காரில் சொன்னார். நீ பின்சீட்டில் தூங்கிவிட்டாய். நான் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

நான் காதில் வாங்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். முகத்தை அப்படித்தான் வைத்திருந்தேன், அது உண்மை. ஊருக்கு வந்தபிறகு லைப்ரரியில் தேடியும் மொபைலில் கிடைத்ததைக் கண் வலிக்க வலிக்கவும் படித்தேன். செல்மா இருக்கிற டல்லஸ் கவுண்டியில், நம் மாவட்டம் மாதிரி, ஓட்டுப் போடும் வயது வந்த கறுப்பின மக்கள் அறுபதுகளின் தொடக்கத்தில் சுமார் 15,000 பேர், பட்டியலில் பெயர் இருந்தது 300 சொச்சம் பேருக்கு. பதிவு ஆபீஸ் மாதத்தில் இரண்டே திங்கட்கிழமை திறக்கும். கூலியை விட்டுவிட்டு வந்து நாள் முழுக்க வரிசையில் நின்றால் உள்ளே ஒரு பரீட்சை, அரசியல் சட்டத்திலிருந்து ஒரு பகுதியை வாசி, அர்த்தம் சொல் என்று. எவ்வளவு படித்தவரையும் தோற்றுவிட்டாய் என்று அனுப்பிவிடலாம், திருத்துகிறவன் போட்டதுதான் மார்க். முப்பத்திரண்டு வருஷம் பேப்பர் திருத்தியவள் நான், ஒரு பரீட்சையை இப்படிப் பயன்படுத்தினார்கள் என்று படித்தபோது வயிறு எரிந்தது. பெயர் கொடுக்கப் போனவர்களுக்கு வேலை போனது, சிலருக்குக் குடியிருந்த வீடும் போனது.

அந்தத் தம்பி சொன்னதில் எனக்குத் தைத்தது டீச்சர்கள் கதைதான். 1965 ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டதும் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்கள் வரிசையாகக் கோர்ட்டுக்கு நடந்தார்கள், எங்களைப் பட்டியலில் சேருங்கள் என்று கேட்க. ஃபிரெடரிக் ரீஸ் என்கிற ஆசிரியர் முன்னால் போனார். ஜெயிலில் போட்டாலும் சரி என்று பல் துலக்கும் பிரஷ்ஷைக் கையோடு கொண்டுபோனார்களாம். கவுண்டியின் போலீஸ் தலைவன், ஷெரீப் ஜிம் கிளார்க்கும் அவன் ஆட்களும் தடியால் குத்திப் படியிலிருந்து கீழே தள்ளினார்கள், இவர்கள் மறுபடி ஏறினார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற கல்விக் குழு முழுக்க வெள்ளையர் கையில், ஒரு கையெழுத்தில் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். கோர்ட்டிலிருந்து பிரவுன் சாப்பல் தேவாலயத்துக்கு அவர்கள் திரும்பி வந்தபோது கைதட்டிய பிள்ளைகளில் அந்தத் தம்பியின் ஆச்சியும் ஒருத்தி, அப்போது பதின்மூன்று வயது என்றாரே. வீட்டுக் கணக்குப் போடாவிட்டால் காதைத் திருகுகிற டீச்சர் பிரஷ்ஷோடு நடந்து வந்ததைப் பார்த்தேன் என்று அந்த ஆச்சி இன்னும் சொல்வார்களாம். அன்று அவர்களைப் போய்ப் பார்க்கலாம் என்று கூப்பிட்டபோது நான் தலைவலி என்றேன்.

தலைவலி இல்லை, பாப்பா.

சரி, அது இருக்கட்டும். அந்தப் பாலத்தைச் சொல்கிறேன். எட்மண்ட் பெட்டஸ் என்று மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது, அடிமை முறைக்காகச் சண்டை போட்ட படைத்தளபதியின் பெயர், இன்னும் அப்படியே இருக்கிறது. நடுவில் மேடாக வளைந்து ஏறுகிற பாலம், அடியில் நின்றால் அந்தப் பக்கம் தெரியாது. அதே வருஷம் மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை, சுமார் 600 பேர் ஏறினார்கள். அதற்கு முந்தைய மாதம் பக்கத்து ஊரில் ஜிம்மி லீ ஜாக்சன் என்கிற பையனைப் போலீஸ் சுட்டுக் கொன்றிருந்தது, நியாயம் கேட்டு அலபாமாவின் தலைநகர் மாண்ட்கோமரி வரை 54 மைல் நடக்கப் புறப்பட்ட கூட்டம் அது. உச்சிக்கு வந்தபிறகுதான் கீழே சாலையை மறித்துப் போலீஸ் நிற்பது தெரிந்தது, குதிரைகளும் இருந்தன. அப்படியும் திரும்பவில்லை. தடியடி, கண்ணீர்ப் புகை. கூட்டத்தின் முன்னால் நடந்த ஜான் லூயிஸுக்கு அப்போது 25 வயது, மண்டை பிளந்தது. அமீலியா பாய்ன்டன் நினைவில்லாமல் கிடந்த போட்டோவை நீ அங்கே காட்டினாய். அந்த அம்மாள் பல வருஷமாக ஊர் ஜனங்களை ஓட்டுப் பதிவுக்குக் கூட்டிப்போனவர். 2015-இல் அதே பாலத்தில் சக்கர நாற்காலியில் ஒபாமாவோடு போனார்.

அடிபட்டு ஐந்தே மாதத்தில், ஆகஸ்ட் 6-ஆம் தேதி, வாக்குரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷத் தேர்தலில் அந்த ஷெரீப் தோற்றுப்போனான். இதைப் படித்த அன்று அப்பாவை எழுப்பிச் சொன்னேன். 2013-இல் அந்தச் சட்டத்தின் பாதி பலத்தை உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது, அந்த வழக்கைப் போட்டது நீ குடியிருக்கிற ஷெல்பி கவுண்டி. இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் இன்னும் பதியாமல் இருந்தால் தப்பு. அப்புறம் 1965 அக்டோபரில்தான் குடியேற்றச் சட்டமும் மாறியது, அதுவரை இந்தியாவிலிருந்து வருஷத்துக்கு 100 பேருக்குத்தான் இடம். உன் படிப்பு உன்னைக் கொண்டுபோனது, நான் இல்லை என்று சொல்லவில்லை, உன்னைப் போலப் படிக்க நம் குடும்பத்தில் ஆளில்லை. ஆனால் கதவைத் திறந்துவிட்டதில் அந்தப் பாலத்தில் அடி வாங்கினவர்களுக்கும் பங்கு இருக்கிறது. அந்த ஆச்சி வீட்டுக்கும் இருக்கிறது.

இன்னொன்றும் படித்தேன், அதைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் செய்யக் கூடாது என்று இருந்த சட்டங்களை 1967-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது, ஆனாலும் அலபாமாவின் அரசியல் சட்டத்தில் அந்த வரி 2000 வரை இருந்திருக்கிறது. எடுத்துவிடலாமா என்று ஜனங்களிடம் ஓட்டு வைத்தால் பத்துக்கு நாலு பேர் எடுக்கக் கூடாது என்றார்களாம். அந்த நாலு பேரும் அவர்கள் பிள்ளைகளும் எங்கே போனார்கள், அங்கேதானே இருப்பார்கள், பெட்ரோல் பங்கில், கடையில். இரவு நேரத்தில் தூரம் தொலைவு காரில் போகாதீர்கள். போலீஸ் நிறுத்தினால் கையை ஸ்டியரிங் மேலேயே வைத்துக்கொள்ளச் சொல். காரில் கேமரா வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே என்ன வாழ்கிறது என்று நீ கேட்பாய். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. பெரியத்தையைப் பதினோரு வருஷம் இந்த வாசலை மிதிக்க விடாமல் வைத்தவர்கள்தானே நாங்கள்.

நான் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் தெரியாது.

1996 உள்ளாட்சித் தேர்தல். உனக்கு ஐந்து வயது, உன்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு எலெக்ஷன் டியூட்டிக்குப் போனேன். ஊர் பெயர் வேண்டாம். எனக்கு விரலில் மை வைக்கிற வேலை. காலையிலிருந்து காலனி ஜனம் ஒருவரும் வரவில்லை. ஆனால் பட்டியலில் காலனிப் பெயர்களுக்கு நேராகக் கோடு விழுந்துகொண்டே இருந்தது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஆட்கள் வந்தார்கள், ஆண்கள், சிலர் இரண்டாம் தடவை. மை காய்வதற்குள் எதையோ தேய்த்து அழித்துவிட்டு வந்து அதே விரலை நீட்டினார்கள், நான் குனிந்துகொண்டு மறுபடி வைத்தேன். நாலு மணிக்குமேல் ஒரு பெண் தனியாக வந்தாள், இடுப்பில் குழந்தை. உன் ஓட்டைப் போட்டாச்சே என்றார்கள். அவள் யாரிடமும் சண்டை போடவில்லை, என்னைப் பார்த்துக் கையை விரித்து நீட்டினாள். "விரல்ல மை இல்லையே டீச்சர்" என்றாள்.

அப்படி வந்தால் வேறு சீட்டுக் கொடுத்துத் தனி உறையில் போட வைக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள், எனக்கு மனப்பாடம். வாயைத் திறக்கவில்லை. தலைமை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நான் மை பாட்டிலை மூடினேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவள் போய்விட்டாள். அரசாங்க வேலை, பென்ஷன் உண்டு, சங்கம் உண்டு, என்னை யாரும் வேலையை விட்டு எடுத்துவிட முடியாது. அந்த டீச்சர்களுக்கு இதில் ஒன்றுகூட இல்லை, அவர்கள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் மனைவியோடு நம் பக்கம் வந்திருக்கிறார், தெரியுமா, கன்னியாகுமரியில் சூரியன் மறைவதைப் பார்த்திருக்கிறார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிற இன்னொரு தீண்டத்தகாதவர் என்று அவரை அறிமுகம் செய்தார்களாம். முதலில் திக்கென்றிருந்தது, பிறகு யோசித்தேன், ஆமாம் நானும் அதுதான் என்று 1965-இல் ஒரு பிரசங்கத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அவருக்குப் புரிந்தது எனக்கு அந்தப் பூத்தில் புரியவில்லை. உங்கள் ஊருக்கு வந்தும் புரியவில்லை.

பாலத்தில் ஏறும்போது எனக்கு மூட்டு பிடித்துக்கொண்டது. அந்தத் தம்பி திரும்பி வந்து கையை நீட்டினார். நான் முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி நின்றுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். நீ பார்த்தாய். அவரும் பார்த்தார், ஒன்றும் நடக்காத மாதிரி மெதுவாக என் பக்கத்திலேயே நடந்து வந்தார். அன்று போனில் நீ அந்தச் செய்தியைச் சொன்னதும் நான் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதைத் திரும்ப எழுதக் கை கூசுகிறது. நாற்பத்தொரு நாளும் அதுதான் காதில் கேட்கிறது. உன்னிடம் கேட்டது தப்பு. அவருக்குத் தெரியவேண்டாம். இல்லை, நீ சொல்லியிருப்பாய், சொல்லியிருந்தால் நானே அவரிடம் பேசுகிறேன், என் இங்கிலீஷ் அவருக்குப் புரியும், அன்று காரில் புரிந்ததே.

அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். கொஞ்ச நாள் பேசமாட்டார், அது அவர் சுபாவம். மாடி ரூமுக்கு ஏசி மாட்ட ஆள் சொல்லியிருக்கிறேன், எதற்கு என்று கேட்டார், வெயில் என்றேன். மார்கழி தை என்றால் நம் ஊர் நன்றாக இருக்கும், லீவு எப்போது கிடைக்கும் என்று இரண்டு பேரும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஓட்டுப் பதிவை இந்த வாரமே முடி. அந்த ஆச்சியைப் போய்ப் பார், நான் விசாரித்ததாகச் சொல், நானும் டீச்சர் என்று சொல்.

ஊறுகாயை மூன்று பாட்டிலாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பெரியத்தை கை காரம் உனக்குத் தெரியும், அவர்களுக்குத் தாங்குமா என்று கேட்டு எழுது.

அம்மா