அந்தச் சிவப்பு ஸ்லிங்கைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. பாறை உச்சியில் நீங்கள் எட்டுப் பேரும் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை அம்மா தன் கைபேசியின் முகப்பில் வைத்துக்கொண்டாள். எனக்கோ, அதே படத்தின் இடது ஓரத்தில், உன் முழங்காலுக்குப் பின்னால் பாதி மறைந்து கிடக்கும் ஆங்கரின் மேல்தான், நீங்கள் ஏறிய கயிற்றை உச்சிப் பாறையில் பிடித்து வைத்த அந்தக் கட்டின் மேல்தான், கண் போயிற்று. பெரிதாக்கிப் பார்த்தேன். அது தெளிவாகத் தெரியும் இன்னொரு படத்தையும் தேடி எடுத்தேன். தொலைபேசியில் சொன்னால், "நாள் முழுவதும் எட்டுப் பேர் ஏறி இறங்கினோம், ஒன்றும் ஆகவில்லையே அப்பா" என்பாய். நானும் குரலை உயர்த்திவிடுவேன். சொல்ல வந்தது சொல்லாமலே போகும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த "ஒன்றும் ஆகவில்லையே" என்பதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். டாப் ரோப்பில், அதாவது உச்சி ஆங்கர் வழியாக ஓடும் கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறும் முறையில், கயிறு எப்போதும் தலைக்கு மேலே இருப்பதால், ஏறுபவர் கை நழுவினாலும் ஓரிரு அடிக்கு மேல் விழுவதில்லை. ஆங்கருக்குப் பெரிய அதிர்ச்சி எதுவும் போய்ச் சேர்வதில்லை. ஆகவே அரைகுறையாகக் கட்டிய ஆங்கரும் நூறு முறை தாங்கிவிடும், தாங்கும் ஒவ்வொரு முறையும் கட்டியவருக்குத் தன் கட்டின் மேல் நம்பிக்கையை வளர்த்துவிடும். நீங்கள் எட்டுப் பேர் ஏறியதால் அந்த ஆங்கர் எட்டு முறை சோதிக்கப்பட்டதாக ஆகாது. அது சோதிக்கப்படவே இல்லை.

குறைந்த சுமை என்பதால் உடல் எடை மட்டும்தான் என்றும் எண்ணிவிடாதே. 70 கிலோ எடையுள்ளவர் கயிற்றில் தொங்கும்போது, அவரை நிறுத்திப் பிடிக்க பிலே செய்பவரும், அதாவது கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக் காப்பவரும், மறுபக்கத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு இழுப்பும் உச்சியில் ஒரே இடத்தில் சேர்கின்றன. காரபினர் என்ற உலோகக் கொக்கி வளையத்தில் கயிறு உராய்வதால் சுமை முழு இருமடங்காக ஆவதில்லை; ஏறத்தாழ 1.6 மடங்கு ஆகிறது. அதாவது, ஒருவர் சும்மா தொங்கும்போதே ஆங்கருக்கு 110 கிலோ.

இனி உன் படத்துக்கு வருகிறேன். இரண்டு கேம்களை, விரிசலுக்குள் பற்கள் விரிந்து பிடித்துக்கொள்ளும் அந்த உலோகக் கருவிகளை, ஒரே விரிசலில், ஓரடி இடைவெளியில் வைத்திருக்கிறாய். வைத்த விதத்தில் குறை இல்லை. பற்கள் நான்கும் சமமாக விரிந்து, அதிகம் திறக்காமலும் அதிகம் இறுகாமலும் உட்கார்ந்திருக்கின்றன. அதைப் பார்த்து ஒரு கணம் பெருமைப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் அந்த விரிசலின் வெளிப்பக்கச் சுவர் எது என்று பார்த்தாயா? அது தாய்ப்பாறை இல்லை. பாறையோடு ஒட்டி நிற்கும் ஒரு செதில். விரிசல் மேலே தொடங்கி, வலது பக்கமாக வளைந்து, கீழேயும் ஓடுவது படத்திலேயே தெரிகிறது. அப்படியானால் அந்தச் செதில் ஒரே ஒரு பக்கத்தில்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கேம் வேலை செய்யும் முறையை நினைத்துப் பார்: கீழ்நோக்கி இழுக்கும் விசையை அது பக்கவாட்டுத் தள்ளலாக மாற்றுகிறது, அந்தத் தள்ளல் ஒவ்வொரு சுவரின் மேலும் இழுப்பைப் போல ஏறத்தாழ இருமடங்கு இருக்கும். கெட்டியான பாறையில் அதுவே கேமைப் பிடித்து வைக்கிறது. செதிலுக்குப் பின்னாலோ அதுவே ஜாக்கி வைத்து நெம்புவது போலச் செதிலைப் பெயர்க்கிறது. செதில் பெயர்ந்தால் கேம்கள் இரண்டும் ஒன்றாக வெளியே வரும். கூடவே அந்தக் கல்லும் கீழே நிற்பவர்களின் தலைக்கு வரும். இரண்டு கேம் வைத்தேன், ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கிறது என்று நீ கணக்குப் போட்டிருப்பாய். பாறை ஒன்றுதானே அம்மா! கேம் வைப்பதற்கு முன் உள்ளங்கையின் அடிப்பகுதியால் கல்லைத் தட்டிப் பார். மரப்பெட்டியைத் தட்டினாற்போல் பொள்ளலாக ஒலித்தால் அங்கிருந்து நகர்ந்துவிடு.

அடுத்தது ஸ்லிங், கேம்களை இணைக்கும் அந்தச் சிவப்புப் பட்டை வளையம். ஒரே வளையத்தைக் கேம்களில் மாட்டிய இரண்டு காரபினர்களிலும் கோத்து, கீழே இழுத்து, முக்கோணமாகத் தொங்கவிட்டிருக்கிறாய். பார்க்க நேர்த்தியாக இருப்பதாலோ என்னவோ, புதிதாகக் கட்டுபவர்களுக்கு இந்த வடிவத்தின் மேல் தனி மோகம் உண்டு. மேலைநாட்டு ஏறுநர்கள் இதற்கு மரண முக்கோணம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு கேம்களிலிருந்தும் தனித்தனிக் கால்களாக இறங்கி, கீழே முடிச்சில் சேரும் கட்டில், கால்களுக்கு இடையே 60 பாகை இருந்தால் ஒவ்வொரு கேமுக்கும் சுமையில் 58 சதவீதம் போகும். அதே 60 பாகையில் முக்கோணமாகக் கட்டினால், மேலே கிடையாக ஓடும் பட்டையும் சேர்ந்து இழுப்பதால், ஒவ்வொன்றுக்கும் முழுச் சுமையே போகும். உன் படத்தில் கோணம் 90 பாகைக்குக் குறையாது. அங்கே ஒவ்வொரு கேமும் சுமையில் 131 சதவீதத்தைத் தாங்குகிறது. இரண்டு கேம் வைத்தும், ஒற்றைக் கேமுக்கு வருவதைவிட அதிகம். போதாக்குறைக்கு, இழுப்பின் திசையும் மாறி, கேம்கள் ஒன்றையொன்று நோக்கித் திருகப்படுகின்றன. ஸ்லிங்கில் முடிச்சே இல்லாததால் ஓரிடத்தில் அறுந்தாலும் எல்லாம் போயிற்று.

மூன்றாவது, கயிறு ஓடும் காரபினர். ஒன்றே ஒன்று, பூட்டு இல்லாதது, அதன் திறந்து மூடும் வாய் பாறை விளிம்பில் அழுந்திக் கிடக்கிறது. காரபினர் நீளவாக்கில் 20 கிலோநியூட்டனுக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டு டன் எடைக்கு, மேல் தாங்கும் என்பது வாய் மூடியிருக்கும்போதுதான். விளிம்பு அதைத் திறந்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம்கூட நிச்சயம் இல்லை, கயிறு நழுவி வெளியேறவும் வழி உண்டு. பூட்டுள்ள இரண்டை, வாய்கள் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும்படி மாட்டு. அவை விளிம்புக்குக் கீழே தொங்கும் அளவுக்கு ஆங்கரின் நீளத்தைக் கூட்டு.

உலோகம் இருப்பதாவது நல்லதாயிற்று. உன் வயதில் நான் அதையும் விட்டிருக்கிறேன். காரபினர் போதவில்லை என்று ஒருநாள் கயிற்றை நேராக நைலான் பட்டைக்குள்ளேயே விட்டு, என் கூட்டாளியை மெதுவாக 20 மீட்டர் இறக்கினேன். அவன் காலூன்றி, கயிற்றை அவிழ்த்து, தண்ணீர் கேட்டான். பிறகு ஆங்கரைக் கழற்ற மேலே போனபோது, பட்டையில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மெழுகு உருகி உறைந்தது போல் பளபளத்தது. நகத்தால் கீறினால் கெட்டியாக இருந்தது. கயிறு ஓடிக்கொண்டே இருக்கிறது, பட்டையோ அசையாமல் ஒரே இடத்தில் தேய்கிறது, சூடு முழுவதும் அங்கேயே தங்கி நைலானை உருக்கிவிடுகிறது. மிச்சம் எத்தனை இழை இருந்தது என்று நான் எண்ணவில்லை. அவனிடம் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

அடுத்த முறை உச்சிக்குப் போனதும், விளிம்பை நெருங்குவதற்கு முன் உன்னை ஒரு கயிற்றில் கட்டிக்கொள். ஆங்கர் அமைக்கும் மும்முரத்தில் கட்டிக்கொள்ளாமல் குனிந்து, விளிம்பிலிருந்து விழுந்தவர்கள் உண்டு. அதன் பிறகு, வெவ்வேறு பாறைப் பகுதிகளில் குறைந்தது மூன்று பிடிப்புகள் தேடு. உயிருள்ள, வேரூன்றிய பெரிய மரம் இருந்தால் அதன் அடியில் சுற்றிக்கொள். எந்தக் கேமையும்விட நான் அதையே நம்புவேன். கார்டு என்ற கனத்த துணைக்கயிற்றால் மூன்றையும் இணைத்து, ஏறுபவர் இருக்கும் திசையை நோக்கி இழுத்து, எல்லாக் கால்களையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போடு. ஒரு பிடிப்பு கழன்றாலும் மற்றவை அசையாமல் நிற்க வேண்டும். விரிசலில் செருகும் உலோக ஆப்பான நட் வைத்தால், அதே திசையில் வெடுக்கென ஒரு முறை இழுத்து உட்கார வை.

சொல்லக் கூசியதைக் கடைசியில் வைத்துவிட்டேன். அந்தச் சிவப்பு ஸ்லிங் என்னுடையது. ஓரத்தில் நான் மையால் போட்ட கோட்டை வைத்து அடையாளம் கண்டேன். நீ வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் பையிலிருந்து எடுத்துப் போயிருக்கிறாய். அதற்கு வயது 14. துணியால் ஆன ஏற்றக் கருவிகளை, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் வைக்காதே என்றுதான் செய்பவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். நானோ ஆசைக்காக வைத்திருந்தேன். டாட் ஸ்கின்னர், உலகின் கடினமான பாறைகளை ஏறியவர், 2006இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் இறந்தது, இடுப்புவாரின் முன்பக்கம் இருக்கும் பிலே வளையம் என்ற துணி வளையம் நைந்து அறுந்ததால்தான். அது நைந்திருப்பது சில நாள் முன்பே பேச்சில் வந்திருந்தது. எனவே இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் கத்திரியை எடுத்து அந்த ஸ்லிங்கை மூன்று துண்டாக வெட்டு. முழுதாகக் குப்பையில் போடாதே. வேறு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். 7 மில்லிமீட்டர் கார்டு ஒன்று, 6 மீட்டர் நீளத்தில், உன் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். அதைக் கொண்டு கட்டியதும், கயிற்றை இறக்குவதற்கு முன், பாறையும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா