மறதியா, காது மந்தமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோர் மறதி நோய் பற்றிச் சென்ற ஞாயிறு வந்த கட்டுரையில் சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, நடைப்பயிற்சி எல்லாம் இருந்தன. காதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

என் அம்மாவுக்கு 74 வயது. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், "நேத்தே கட்டியாச்சே" என்பார், கரண்ட் பில்லை நினைத்து. கல்யாண வீடுகளில் ஓரமாக உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார், அவ்வளவுதான். புத்தி தடுமாறுகிறது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். நரம்பு டாக்டர்தான் பி12, தைராய்டு பரிசோதனைகளோடு காதையும் பார்த்து வரச் சொன்னார். இரண்டு காதும் மந்தம்! மெஷின் வைத்தபின் அம்மா மறுபடி சண்டை போடுகிறார்; எங்களுக்கு நிம்மதி. சாவி இன்னமும் தொலையத்தான் செய்கிறது, அது வேறு விஷயம்.

லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் மறதி நோய்க்கு 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அத்தனையையும் சரிசெய்தால் டிமென்ஷியா எனப்படும் இந்த மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. அதில் காது மந்தத்தின் பங்கு மட்டும் 7 சதவீதம், கெட்ட கொழுப்புக்குச் சமம். காது கேட்காதவர் மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார், ஒதுங்கிவிடுகிறார். அந்தத் தனிமையும் அதே பட்டியலில் இருக்கிறது.

மெஷின் வைத்தால் மறதி வராது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள கிட்டத்தட்ட ஆயிரம் பேரை வைத்து மூன்றாண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. மெஷின் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே அபாயம் அதிகமிருந்த பிரிவினரிடம்தான் மூளைத்திறன் சரிவு 48 சதவீதம் குறைந்திருந்தது.

கண்ணாடி போட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, மெஷின் வைத்தால் 'செவிடு' என்கிறார்கள். என் மாமா அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார், பேட்டரியோடு! விலையும் ஒரு தடைதான். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் 2017 முதல் இலவசமாகத் தருகிறார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கும் அது தெரியாது. எங்கே விண்ணப்பிப்பது, அரசு மருத்துவமனையில் எந்தப் பிரிவில் காதைச் சோதிப்பது என்று விவரமாக ஒரு பக்கம் வெளியிடுங்களேன். கொஞ்சம் பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்