வினைச்சொல் முந்திக்கொள்ளும் ஊரிலிருந்து

அபெரிஸ்ட்வித், வேல்ஸ்
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் மனசு லேசானது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், அடுத்தடுத்து இரவுப் பணி வந்து தள்ளிப்போய்விட்டது.

"அங்கே எல்லாருக்கும்தான் இங்கிலீஷ் தெரியுமே, நாற்பத்தாறு வயதில் எதற்கடி வெல்ஷ் படிக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒரு பாட்டிதான். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. நினைவு தப்பத் தப்ப, பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் முதலில் கழன்றுவிட்டது. தாய்மொழியான வெல்ஷ் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தினமும் நாலு மணிக்கு நான் டிரேயோடு உள்ளே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு "கெஸ்ட் டி டே?" என்பார். முதலில் எனக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். உடன் வேலை செய்யும் பெண் ஒருநாள் சொன்னாள், "நீ டீ குடித்தாயா என்று கேட்கிறார்" என்று. எனக்கு ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒருத்திக்குப் பதில் சொல்லாமல் இத்தனை நாள் போயிருக்கிறேனே என்று இருந்தது. அந்த வாரமே ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை இரண்டு மணி நேரம், ஜூமில். தொடக்க நிலைக்கு மனெட்யட் என்று பெயர், நுழைவு என்று அர்த்தம். பாடப்புத்தகமே தெற்கத்திப் பேச்சுக்கு ஒன்று, வடக்கத்திப் பேச்சுக்கு ஒன்று என்று தனித்தனியாக வருகிறது. நாங்கள் படிப்பது தெற்கத்தியது. வேல்ஸில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 5,38,000 பேர், நூற்றுக்குப் பதினெட்டுகூட இல்லை. 2050-க்குள் அதைப் பத்து லட்சமாக்க வேண்டும் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் நானும் ஒருத்தியாக வேண்டும் என்று ஆசை.

இனி உனக்குப் பிடித்த இலக்கணத்துக்கு வருகிறேன். வெல்ஷில் வினைதான் முதலில் வரும். அப்புறம் எழுவாய், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். நாமெல்லாம் யார், எங்கே, எதை என்று எல்லாவற்றையும் அடுக்கிவைத்துவிட்டுக் கடைசியில் வினைமுற்றைப் போடுகிறவர்கள். இங்கே வாயைத் திறக்கும்போதே காலமும், தன்மையா முன்னிலையா படர்க்கையா என்பதும் தீர்மானமாகியிருக்க வேண்டும். முதல் மாதம் முழுக்க இதனாலேயே வாக்கியத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் நோட்டில் இரண்டு வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன். "டூ ஈன் புய்ட்டா" என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். "டூ ஈ வெடி புய்ட்டா" என்றால் சாப்பிட்டிருக்கிறேன். டூ என்பது இருக்கிறேன், ஈ என்பது நான், வெடி என்பது பிறகு, புய்ட்டா என்பது சாப்பிடுதல். அதாவது "இருக்கிறேன் நான், பிறகு, சாப்பிடுதல்". நம் சொல்லைப் பிரித்துப் பார், முத்து. சாப்பிட்டு, இருக்கிறேன். இதைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்தால் வெல்ஷ்! இரண்டு மொழியும் ஒரே 'இரு'வை வைத்துத்தான் இந்த வேலையைச் செய்கின்றன, நாம் கோலத்தை இந்தப் பக்கமிருந்து போடுகிறோம், அவர்கள் அந்தப் பக்கமிருந்து போடுகிறார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அதற்குப் பிறகு புது வாக்கியம் வந்தால் தமிழில் நினைத்து வாலைப் பிடித்து இழுத்துப் பேசுகிறேன். எப்போதும் சரிவராது, பாதிக்கு மேல் வருகிறது.

விகுதிகளும் நமக்கு அந்நியமில்லை. க்வேலெஸ் ஈ, பார்த்தேன். க்வேலெஸ்ட் டி, பார்த்தாய். க்வேலொத் என்பது பார்த்தான், பார்த்தாள் இரண்டுக்கும் பொது. ஆண்பால் பெண்பால் வினையில் இல்லை, பக்கத்தில் சேர்க்கும் அவன், அவள் என்ற சொல்லில்தான் இருக்கிறது. நீ, நீங்கள் வேறுபாடும் அப்படியே உண்டு. பாட்டி என்னை 'டி' என்பார், நான் அவரை 'ஹீ' என்றுதான் சொல்ல வேண்டும், தொண்டையிலிருந்து வரும் ஹ.

நான் தடுக்கி விழுந்த இடம் பன்மை. "அவர்கள் போனார்கள்" என்றால் வினையும் பன்மை, ஐதொன் நூ. "குழந்தைகள் போனார்கள்" என்றால் வினை ஒருமையிலேயே நிற்கும், ஆய்த் அ ப்ளான்ட். "குழந்தைகள் போனான்" என்று சொல்கிற மாதிரி எனக்கு நாக்கு கூசியது. பிறகு, ஊரில் நாமே "மாடெல்லாம் வந்துச்சு" என்றுதானே சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். கூச்சம் போய்விட்டது.

ஆமாம், இல்லை என்று எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் சொல் இந்த மொழியில் இல்லை. கேட்ட வினையையே திருப்பித் தர வேண்டும். நாளைக்கு இருப்பாயா என்றால் இருப்பேன், குழந்தைகள் உண்டா என்றால் உண்டு. வகுப்பில் மற்றவர்கள் இதற்குத் திணறினார்கள். வருவாயா என்றால் வருவேன் என்று பழகிய எனக்கு அது வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தது. முடிந்துபோன காரியத்தைக் கேட்டால் மட்டும் ஒரே விடை: செய்திருந்தால் டோ, இல்லையென்றால் நாதோ.

பாட்டியின் "கெஸ்ட் டி டே" என்ற மூன்று சொல்லுக்குத் திரும்புகிறேன். முதல் சொல்தான் வினை. அகராதியில் அது 'பக்கம்' என்பதில் வரும் வல்லோசைக் ககரத்தில் இருக்கிறது. கேள்வியானதும் அது 'தங்கம்' என்பதில் வருகிற மாதிரி மெலிகிறது. டீக்கு உரிய சொல்லில் 'பட்டு'வின் ட, 'வண்டு'வின் ட ஆகிறது. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றே, அவர்களோ எழுத்தையே மாற்றிவிடுகிறார்கள். அகராதியில் தேடினால் கிடைக்காது, எந்த எழுத்து மெலிந்து இப்படி ஆனது என்று யோசித்துத் தேட வேண்டும். வல்லினம் மிகும் இடங்களை மனப்பாடம் செய்தோமே, அதே உழைப்புதான்.

இங்கிருந்து கடலோரச் சாலையில் தெற்கே போனால், லான்ரஸ்டிட் கிட்டே ஓர் இடிந்த சுவரில் "கோவ்யுஹ் ட்ரவெரின்" என்று எழுதியிருக்கும். ட்ரவெரினை நினைவில் வையுங்கள் என்று அர்த்தம். ட்ரவெரின் ஒரு பள்ளத்தாக்கின் பெயர். லிவர்பூல் நகரத்துத் தண்ணீருக்காக அந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்டி, காப்பெல் கெலின் என்ற வெல்ஷ் பேசும் கிராமத்தை மூழ்கடித்தார்கள். பள்ளிக்கூடம், தபாலாபீஸ், தேவாலயம், வீடுகள் எல்லாம் போயின. வேல்ஸ் எம்.பி.க்களில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக ஓட்டுப் போடவில்லை. 1965-இல் அணை திறக்கப்பட்டது. சுவரில் எழுதியவர் எழுத்தாளர் மைக் ஸ்டீவன்ஸ். ஏவல் வினைக்கு அடுத்து ட மெலிய வேண்டும், அவர் முதலில் எழுதியபோது மெலியாமலே எழுதிவிட்டார், பின்னால்தான் திருத்தப்பட்டது. பஸ்ஸில் அதைக் கடக்கும்போதெல்லாம் அந்த ஒற்றை எழுத்தைப் பார்ப்பேன். இவ்வளவு பெரிய துக்கத்தை எழுதிய கைக்கே அது தப்பியிருக்கிறது. நான் தப்புவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போன வியாழக்கிழமை பாட்டி வழக்கம்போலக் கேட்டார். "டோ" என்றேன். கையை விடாமல் என் முகத்தையே பார்த்தார். நான் "கைத்தோஹ் ஹீ டே?" என்றேன், நீங்கள் குடித்தீர்களா என்று. "நாதோ, நாதோ" என்று தலையை ஆட்டினார், குடித்த கோப்பை பக்கத்திலேயே இருந்தது. இன்னொரு கோப்பை போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன்.

சின்னவள் இங்கே வெல்ஷ் வழிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. என் உச்சரிப்பைத் திருத்துகிறாள், தமிழ் எழுத்து இன்னும் 'ஞ'வைத் தாண்டவில்லை. நீ உன் பிள்ளைகளுக்கு எழுதிவைத்திருக்கும் எழுத்துப் பயிற்சித் தாள்களைப் படமெடுத்து அனுப்பேன். சித்திரையில் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. அம்மாவைச் சொட்டு மருந்து விடாமல் போடச் சொல்.

அன்புடன்,
தேவகி