கால்வாய்க் கரை நடை

மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. திட்டு, ஆனால் திட்டிவிட்டு மீதியைப் படி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. ஆமை இன்னும் கடனைத் திருப்பித் தரவில்லை. செய்தி அவ்வளவுதான்.

டாக்டர் தினமும் நடக்கச் சொல்லிவிட்டார். நீயோ இங்கிலாந்தில் பிரிஸ்டலிலிருந்து பாத் ஊர் வரை, தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்ட பாதையில் நடந்தேன் என்று பெருமையடித்துப் படம் வேறு அனுப்பியிருக்கிறாய். மாங்கோட்ஸ்ஃபீல்டில் ரயிலே இல்லாமல் பிளாட்பாரம் மட்டும் நிற்கிறதே, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1979-இல் அந்தப் பாதை வேலையைத் தொடங்கினார்களாமே. அதே 1979-இல்தானடா நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு முதல் ரயிலே வந்தது! இரணியலுக்கு வேடிக்கை பார்க்கப் போய் நீ ஒற்றைச் செருப்போடு திரும்பினாய். குளச்சலுக்கு இன்றுவரை அதுவும் இல்லை. கைவிடுவதற்கு நமக்கு ரயில் ஏது? கைவிட்ட கால்வாய் உண்டு.

ஆமாம், ஏ.வி.எம். கால்வாய்தான். வடபழனி ஸ்டூடியோக்காரர் வெட்டியது என்று நீ பரீட்சையில் எழுதி அடி வாங்கினாயே, அதேதான். அனந்த பத்மநாபன், விக்டோரியா, மார்த்தாண்ட வர்மா என்று சாமி, ராணி, ராஜா மூவர் பெயரையும் சேர்த்து வைத்து 1860-இல் தொடங்கினார்கள். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிவரை வள்ளம் விடுவதாகத் திட்டம். மண்டைக்காட்டோடு நின்றுபோனது.

போன ஞாயிறு குளச்சலிலிருந்து மண்டைக்காட்டுக்குக் கரையைப் பிடித்தே நடந்தேன். நடந்தேன் என்பது கொஞ்சம் அதிகம்; பாதி தூரம் கரையைத் தேடினேன். ஓரிடத்தில் ஒரு வீட்டின் பின்சுவரே கால்வாய்க்குள் நிற்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு சிறு பாலம். கீழே எட்டிப் பார்த்தால் தண்ணீரே தெரியவில்லை, அத்தனை ஆகாயத்தாமரை. அதன்மேல் ஒரு கோழி ஓடுகிறது. நம் ஆச்சி சொல்வாளே, கதம்பை, அதான் தேங்காய் மட்டை, ஏற்றிய வள்ளம் வரிசையாகப் போகும், அழுகின கதம்பை நாற்றம் வீட்டுக்குள் வரும் என்று. இப்போதும் நாற்றம் வருகிறது, கதம்பைதான் இல்லை.

1741-இல் டச்சுக்காரனை அடித்ததற்கு நட்ட வெற்றித் தூணைப் பார்க்கக் கடற்கரைக்கு ஆள் வருகிறது. இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

கொட்டில்பாடு வந்ததும் கால் ஓடவில்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி. பின்னால் கடல், முன்னால் இந்தக் கால்வாய். ஓடி வந்தவர்களில் பலர் இதில்தான் விழுந்தார்கள். அன்று நீ போனில் ஒவ்வொரு பெயராகக் கேட்டாய்; நான் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். அதைப் பற்றி நாம் அப்புறம் பேசியதே இல்லை. அங்கே நின்றபோதுதான் அது உறைத்தது. கால்வாயைத் தூர்த்துவிடுங்கள் என்கிறவனை அந்த இடத்தில் நின்று எப்படித் திட்டுவது? ஆனால் தூர்ந்துபோனதையும் பார்க்க முடியவில்லை. இரண்டு நாளாக இதே யோசனை. உன்னிடம் அல்லாமல் யாரிடம் சொல்ல?

மாசிக் கொடைக்கு வருகிறாய்தானே? சேர்ந்து நடப்போம். படத்தில் போட்டிருந்த வெள்ளை ஷூவை அங்கேயே வைத்துவிட்டு வா. இங்கே சேறு.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்