மூணு தலை அசுரனும் உங்க ஞாயிறு இணைப்பும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன ஞாயிறு இணைப்புல 'ஊர்ப் பெயர் ரகசியம்' பகுதியில திரிசிரன்கிற மூணு தலை அசுரன் சிவனைக் கும்பிட்டதாலதான் திருச்சிராப்பள்ளின்னு பேர் வந்துச்சு, 'இதில் சந்தேகமே இல்லை'ன்னு போட்டிருந்தீங்க. கதையை வேணாம்னு சொல்லல சார், அந்த 'சந்தேகமே இல்லை' இருக்கே, அதைப் படிச்சதுல இருந்து காப்பி இறங்கல.

சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுலயே 'சிராப்பள்ளிக் குன்றுடையானை'ன்னுதான் பாடியிருக்கார், அதுல திரியும் இல்ல திருவும் இல்ல, இது உங்களுக்குத் தெரியாததா. மலைக்கோட்டை மலைக்குப் பின்பக்கம் சமண முனிவர்களோட கல்படுக்கை இருக்கு, அதுல ஒண்ணுல 'சிரா'ன்னு பேர் வெட்டியிருக்குன்னு கல்வெட்டு படிச்சவங்க சொல்றாங்க, பள்ளின்னா சமணர் தங்கின இடம், அதனால சிரா பள்ளிங்கறது ஒரு கட்சி. நான் போய்ப் பாத்திருக்கேன், தலைமாட்டுல தலையணை மாதிரி கல்லையே மேடாக்கி விட்டிருக்காங்க, பக்கத்துலயே நம்ம பசங்க ஹார்ட்டு போட்டு அம்பு விட்டு ரெண்டு பேர் கிறுக்கி வச்சிருக்கானுங்க, அதுவும் கல்வெட்டுதான் போல. 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுல 'திருச்சிலாப்பள்ளி'ன்னு இருக்கு, சிலைன்னா கல்லு, அதனால அப்படித்தான்னு இன்னொரு கட்சி. திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளைன்னே பேர் இருக்கேன்னு கேப்பீங்க, அந்தப் புலவர் 1815ல பொறந்தவர் சார், சம்பந்தருக்கு ஆயிரம் வருஷத்துக்கும் பின்னாடி.

ஸ்கூல்ல இதையே எழுதிட்டு தமிழய்யாகிட்ட மார்க்கும் போச்சு, 'பெரிய ஆராய்ச்சியாளர்'ன்னு கிளாஸ் முழுக்க சிரிப்பும் வாங்கினேன். இப்ப நீங்களும் அவர் கட்சி. எங்க உறையூருக்கு கோழின்னு ஒரு பேர், கோழி யானையை ஜெயிச்ச கதை சிலப்பதிகாரத்துலயே இருக்கு, அதை கதைன்னு ரசிக்கறோம், யாரும் சந்தேகமே இல்லைன்னு சத்தியம் பண்றதில்ல. 2020 ஜூன்ல 1018 ஊர் பேருக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் மாத்தறோம்னு அரசாணை வந்து, வேலூரை வீலூர்னு படிக்கற மாதிரி எழுதி, ஊரே சிரிச்சதும் சில நாள்ல வாபஸ் வாங்கினாங்க, கவர்மெண்டே வாபஸ் வாங்குது, நீங்க ஒரு வரி திருத்தம் போட மாட்டேங்கறீங்க. ஏற்கனவே உச்சிப்பிள்ளையார் கோயில் போட்டோவுக்குக் கீழ 'தாயுமானவர் சன்னதி'ன்னு போட்டப்பவும் எழுதினேன், போன் பண்ணினேன், 'பாக்கறோம் சார்'னாங்க, இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்காங்க போல. பெரிய பத்திரிகை, ஆயிரம் வேலை இருக்கும், புரியுது.

அடுத்த வாரம் அந்தப் பகுதியில ஒரு ஓரமா, 'என்றும் ஒரு கதை உண்டு'ன்னு திருத்திப் போட்டா போதும். அப்படியே அந்த போட்டோவையும்.

இப்படிக்கு,
உறையூர் வாசகர்