குளிர்ந்த காற்று வேறு, புதிய காற்று வேறு

ஆசிரியருக்கு,

பிற்பகலில் அலுவலகமே கொட்டாவி விட்டால், ஊழியர்களைக் கடிந்துகொள்ளுமுன் நிர்வாகம் அறையின் காற்றை அளந்து பார்க்க வேண்டும். சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே குளிர வைத்துச் சுற்றவிடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. சன்னல்களையும் அடைத்துவிட்டால், நாம் மூச்சில் வெளிவிடும் கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும். வெளியே பத்து லட்சத்தில் சுமார் 420 பங்காக இருப்பது உள்ளே 1000-ஐத் தாண்டினால், அத்தனை பேருக்குக் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். தலைவலியும் மந்தமும் வரும். ஒருவரின் சளி பலருக்கும் தொற்றும்.

அளக்க ஒரு சிறு கருவி போதும். உட்கார்ந்தவரின் தலை உயரத்தில், சன்னலுக்கு அருகில் இல்லாமல், எவர் மூச்சும் நேரே படாதபடி அரை மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். ஆள் நிறைந்து ஒரு மணி நேரமான பிறகு குறிப்பதே சரியான அளவு. காலையில் காலி அறையில் எடுத்துவிட்டு 'எல்லாம் நலம்' என்று கோப்பில் எழுதுவதும் நடக்கிறது!

ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று என்பது நல்ல இலக்கு. எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் மட்டும் போதாது. காற்று உள்ளே வர எதிர்ப்புறம் வழி வேண்டும். காற்றுச் சுத்திகரிப்பான் தூசியைப் பிடிக்கும், கரியமில வாயுவைக் குறைக்காது. முதலில் அளக்க வேண்டியது, ஆறு பேருக்கான இடத்தில் பன்னிரண்டு பேர் அடையும் கூட்ட அறையை.

– ஒரு வாசகர்