‘ரொக்கமா குடுங்க’

ஆசிரியர் அவர்களுக்கு,

அல்சூரில் நான் காய் வாங்கும் அக்கா கியூஆர் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, ‘ரொக்கமா குடுங்கண்ணா’ என்கிறார். 2025 ஜூலையில் யுபிஐ வரவைக் கணக்குப் பார்த்து பெங்களூரு சிறுகடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதில் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. காய்கறிக்கு வரியே கிடையாது. மற்ற பொருளென்றாலும் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. ஆனால் அக்காவின் கணக்கில் சீட்டுப் பணம், மகன் அனுப்புவது, கைமாற்று எல்லாம் ஒன்றாகத்தான் விழுகிறது. வந்ததெல்லாம் விற்பனையா? வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பும் முன் சந்தையிலேயே முகாம் போட்டு, கன்னடத்திலும் தமிழிலும் விளக்கட்டும். வங்கிகளும் மினிமம் பேலன்ஸ் கேட்காமல் வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு திறந்து தரலாமே.

– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு